ஹாம் போர்ட்டரைப் பெட்டிக்குள் வைக்கலாமா?

போன மாதம் கனடாவில் இருக்கிற மாமா வீட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. சொக்லேட், ஷாம்பூ, அம்மாவுக்கு ஒரு சுவெட்டர் (யாழ்ப்பாணத்து வெயிலில் அதை எப்ப போடுறது எண்டு மாமிக்குத்தான் தெரியும்). எல்லாவற்றுக்கும் அடியில் பேப்பர் சுற்றிய ஒரு சின்னப் பொருள். அதில் என்ர பெயர். பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை அளவில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் ஒரு கார்ட். கார்ட்டில் முகம் நிறையப் புள்ளி விழுந்த ஒரு கொழுத்த பெடியன். பெட்டியின் மேலே ஒரு லேபிள், அதில் 9 என்று ஒரு இலக்கம்.

அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இதை எப்பிடித் திறக்கிறது?"

"இது திறக்கிறதில்லை அம்மா. ஒட்டி மூடித்தான் வாறது."

"திறக்கேலாத சாமானை ஏன் காசு குடுத்து வாங்கினவன்?"

அம்மாவின் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரு மாதமாக யோசித்ததில் எனக்கு வந்த பதில்தான் இந்தக் கட்டுரை.

கார்ட்டில் இருக்கிற பெடியனின் பெயர் ஹாம் போர்ட்டர். அவன் உண்மையில் பிறக்கவில்லை. 1993இல் வந்த 'தி சாண்ட்லாட்' என்ற அமெரிக்கப் படத்தில் வருகிற ஒரு பாத்திரம். பேஸ்போல் பற்றி ஒன்றுமே தெரியாத நாங்களும் விழுந்து விழுந்து பார்க்கக்கூடிய படம் அது. 'சாண்ட்லாட்' என்றால் எங்கள் பாஷையில் வெறுங்காணி. ஊர்ப் பெடியள் தாங்களாகவே கூடி, அம்பயர் இல்லாமல், ஸ்கோர் இல்லாமல், இருட்டும்வரை விளையாடுகிற காணி. 1962ஆம் ஆண்டுக் கோடை. ஸ்கொட்டி ஸ்மோல்ஸ் என்ற பெடியன் ஊருக்குப் புதிதாக வருகிறான். பந்தை எறியக்கூடத் தெரியாது. பெனி ரொட்ரிகஸ் என்பவன் அவனைக் கூட்டிக்கொண்டு போய் அணியில் சேர்க்கிறான். அவனோடு சேர்த்து மொத்தம் ஒன்பது பேர்.

படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும், கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத ஏலாது. ஒருநாள் பந்து பிய்ந்துபோகிறது. வேறு பந்து இல்லை. ஸ்கொட்டி வீட்டுக்கு ஓடிப்போய், சிறிய தகப்பனின் அறையில் காட்சிக்கு வைத்திருந்த பந்தை எடுத்துக்கொண்டு வருகிறான். அதில் யாரோ கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதே பந்தை அடித்து, வாழ்க்கையின் முதலாவது ஹோம் ரன்னை எடுக்கிறான். பந்து வேலிக்கு அங்கால் போய் விழுகிறது. அந்த வளவுக்குள் ஒரு பெரிய நாய். பெடியள் அதுக்கு வைத்த பெயர் 'மிருகம்'. பந்தில் யார் கையெழுத்து என்று கேட்கிறார்கள். யாரோ ஒரு பொம்பிளை, ரூத்தாம் என்கிற மாதிரி இவன் சொல்கிறான். எல்லாருக்கும் மூச்சு நிற்கிறது. அது பேப் ரூத். 714 ஹோம் ரன் அடித்த, பேஸ்போலின் பெரும் பெயர்.

பந்து பக்கத்து வளவுக்குள் போய், நாய் நிற்குது என்று மதிலில் தொங்கிக்கொண்டு பார்த்த ஆக்களுக்கு இதுக்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2018இல் இந்தப் படத்துக்கு 25 வயது. அமெரிக்காவில் பேஸ்போல் கார்ட் அச்சடிப்பதில் பேர்போன டொப்ஸ் கம்பனி, அந்த வருடத்து 'டொப்ஸ் ஆர்க்கைவ்ஸ்' தொகுதிக்குள் சாண்ட்லாட் பெடியளின் கார்ட்டுகளையும் வைத்தது. உண்மையான வீரர்களின் கார்ட்டுகள் இருக்கிற அதே பக்கெற்றுக்குள் இல்லாத பெடியளின் கார்ட்டும் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் நடிகர்கள் கையெழுத்து வைத்த கார்ட்டும் வரும். இது முதல்முறையும் இல்லை. 1989இல் வந்த 'மேஜர் லீக்' என்ற படத்துக்கு 25 வருடம் ஆனபோது, 2014இல் இதே மாதிரி ஒரு தொகுதி விட்டார்கள். அதற்கும் முதல், 1979இல், 'ரொக்கி 2' குத்துச்சண்டைப் படத்துக்கும் டொப்ஸ் கார்ட் போட்டிருக்கிறது.

படம் வரும்போது பத்து வயதாக இருந்தவருக்கு 25 வருடத்தில் முப்பத்தைந்து. கையில் சம்பளம் இருக்கும், மனதில் அந்தக் கோடை விடுமுறையும் இருக்கும். கம்பனிக்கு இது நல்லாத் தெரியும். என்னோடு பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒருத்தன் கார்ட்டைப் பார்த்த உடனே, "இது தெளிவான பண்ட வழிபாடு மச்சான், ஞாபகத்தையே பக்கெற் பண்ணி விக்கிறாங்கள்" எண்டான். முதலாம் வருடத்தில் மார்க்ஸ் படித்த எல்லாருக்கும் வருகிற வருத்தம் அது. ஆனால் அவன் சொன்னதில் பிழை இல்லை. முழுதும் சரியும் இல்லை என்பதுதான் என் கட்சி.

இந்தக் கார்ட்டுகளுக்கு எப்படி விலை வந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிகரெட் பெட்டி நசியாமல் இருக்க உள்ளே வைத்த மட்டைதான் இதன் ஆரம்பம். பிறகு சுவிங்கத்தோடு வந்தது. பெடியள் அதைச் சுவரில் எறிந்து விளையாடினார்கள், மாற்றிக்கொண்டார்கள், சத்தம் வரட்டும் என்று சைக்கிள் கம்பியில் சொருகினார்கள். வளர்ந்து வெளியே போனபோது அம்மாமார் குப்பையில் போட்டார்கள். கம்பனிக்கும் அப்போது மதிப்பு இருக்கவில்லை. 1952ஆம் ஆண்டுத் தொகுதியில் விற்காமல் கிடந்த பெட்டிகளை, 1960இல் படகில் ஏற்றிக்கொண்டு போய் அத்திலாந்திக் கடலில் கொட்டியதாக டொப்ஸின் சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே 1952 தொகுதியின் மிக்கி மான்டில் கார்ட் ஒன்று 2022 ஓகஸ்ட்டில் 1 கோடியே 26 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போனது.

அதாவது, ஒரு தலைமுறைப் பெடியள் அதைக் கிழியக் கிழிய விளையாடியதால்தான் மிஞ்சிய ஒன்றிரண்டுக்கு இந்த விலை. இது விளங்கின பிறகு ஆக்கள் என்ன செய்தார்கள்? விளையாடுவதை நிறுத்தினார்கள். 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள், கம்பனிகளும் கண்மண் தெரியாமல் அச்சடித்தன. இன்றைக்கு அந்தக் காலத்துக் கார்ட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பெட்டி பெட்டியாகக் குடுத்தாலும் வாங்க ஆளில்லை. சாண்ட்லாட் படமும் சரியாக அந்தக் காலத்தில் வந்ததுதான். வீட்டில் காட்சிக்கு இருந்த பந்தை எடுத்து விளையாடின பெடியனின் கதையை, கார்ட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்த பெடியள் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது அது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. கார்ட்டை அனுப்பினால், அதன் மூலை, விளிம்பு, அச்சு எல்லாம் பார்த்து 1 தொடக்கம் 10 வரை புள்ளி போட்டு, திறக்க முடியாத பெட்டிக்குள் அடைத்துத் தருகிற கம்பனிகள் இருக்கின்றன. புள்ளி ஒன்று குறைந்தால் விலை பாதியாகக்கூடும். கையால் தொட்டால் புள்ளி குறையும். ஆகவே தொடக்கூடாது.

நாங்கள் சின்னனில் வைத்திருந்தது டபிள்யூ.டபிள்யூ.ஈ. ட்ரம்ப் கார்ட். இந்தப் பக்கத்தை வாசிக்கிற பலர் வைத்திருந்திருப்பீர்கள். உயரம், எடை, ரேங்க் என்று சொல்லி வெட்ட வேண்டும். எடை என்றால் பிக் ஷோவை வைத்திருக்கிறவன் ராசா. வெட்டினால் மற்றவனின் கார்ட் உனக்கு. விளையாடாமல் சேர்க்கவே ஏலாது. மச்சானும் நானும் மாமா வீட்டு விறாந்தையில் இருந்து வெட்டின வெட்டில் கார்ட்டுகளின் மூலை எல்லாம் மொட்டையாகிவிட்டது. 2012இல் அவர்கள் கனடா போனபோது என்னுடைய ஆக நல்ல ஐந்து கார்ட்டை அவனுக்குக் குடுத்தேன். மிச்சத்தை வீடு மாறும்போது அம்மா பழைய பேப்பரோடு போட்டுவிட்டா. அமெரிக்க அம்மாமாருக்கும் எங்கட அம்மாவுக்கும் இந்த ஒரு விசயத்தில் வித்தியாசமே இல்லை.

அதுக்குப் பிறகு மச்சானோடு தொடர்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறந்தநாளுக்கு வாழ்த்து, போட்டோவுக்கு லைக். அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு மேல் அப்படித்தான்.

படத்தில் பந்தை எடுக்கப் பெடியள் படாத பாடு படுகிறார்கள். கம்பியால் தள்ளுகிறார்கள், குழாயால் உறிஞ்சுகிறார்கள், கயிற்றில் ஆளை இறக்குகிறார்கள். ஒன்றும் சரிவரவில்லை. ஓரிரவு பெனியின் கனவில் பேப் ரூத்தே வருகிறார். வேலியைப் பாய்ந்து எடு என்கிறார். போகும்போது பெனியின் அறையில் கிடந்த ஹாங்க் ஏரனின் பேஸ்போல் கார்ட்டைப் பார்த்து, காரணம் தெரியவில்லை, இதை நான் எடுக்கட்டா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். கதை நடப்பது 1962இல். 1974 ஏப்ரல் 8ஆம் திகதி ரூத்தின் 714ஐத் தாண்டியவர் அதே ஹாங்க் ஏரன். படத்தில் ஒரு கார்ட்டின் பெறுமதி பேசப்படுகிற இடம் இது ஒன்றுதான். அங்கே விலையும் இல்லை, புள்ளியும் இல்லை. ஒரு ஆட்டக்காரன் இன்னொரு ஆட்டக்காரனை ஆசையாகப் பார்க்கிற பார்வைதான் இருக்கிறது.

கடைசியில் பெனி பாய்ந்து பந்தை எடுக்கிறான். நாய் ஊர் முழுக்கத் துரத்துகிறது. பிறகு நாயின் சொந்தக்காரரைச் சந்திக்கிறார்கள். திரு. மேர்ட்டில். ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்த பாத்திரம். கண் தெரியாத, கறுப்பின முதியவர். அவர் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, கதவைத் தட்டியிருக்கலாமே, நான் எடுத்துத் தந்திருப்பேனே என்பதுதான். அவரும் ஒரு காலத்தில் பேஸ்போல் வீரர். பந்து பட்டுக் கண் போனது. ரூத்தோடு நிற்கிற படம் அவர் வீட்டில் இருக்கிறது. நாய் கடித்துக் குதறிய ரூத்தின் பந்தை வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக 1927ஆம் ஆண்டு நியூயோர்க் யாங்கீஸ் அணி முழுவதும் கையெழுத்து வைத்த பந்தைக் குடுக்கிறார். அதைவிடப் பெறுமதியான ஒன்றை எந்தச் சேகரிப்பாளனும் கேட்க மாட்டான். அவர் கேட்கிற விலை: வாரத்துக்கு ஒருநாள் வந்து என்னோடு பேஸ்போல் கதைக்க வேண்டும்.

எத்தனையோ தரம் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரைக்காகத் திரும்பப் பார்த்தபோதுதான் அந்த விலை எனக்கு உறைத்தது. அந்த மனிதனிடம் உலகத்தில் உள்ள சேகரிப்பாளர்கள் எல்லாம் கேட்கிற பொருள் இருக்கிறது. கண் தெரியாது, அவரால் அதைப் பார்க்கவும் ஏலாது. கதைக்க ஆள் இல்லை. பொருளைக் குடுத்து ஆளை வாங்கினார்.

இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. படம் அதை விளக்காமல் கடந்துபோகிறது. ரூத் ஆடிய காலத்தில் மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமே இல்லை. எழுதப்படாத தடை. 1947 ஏப்ரல் 15ஆம் திகதி ஜக்கி ரொபின்சன் இறங்கும்வரை அந்த நிலைமைதான். லீக்குக்கு வெளியே நடந்த கண்காட்சி ஆட்டங்களில் ரூத் கறுப்பின அணிகளோடு ஆடியிருக்கிறார், ஆகவே ஒரு படம் எடுத்திருக்க இடமிருக்கிறது. ஆனால் மேர்ட்டில் உண்மையாக வாழ்ந்த ஒருவராக இருந்திருந்தால், எந்தச் சுவிங்கப் பக்கெற்றுக்குள்ளும் அவருடைய கார்ட் வந்திருக்காது.

வராமல் போனவர்களில் பெரியவர் ஜொஷ் கிப்சன். நீக்ரோ லீக் என்று அழைக்கப்பட்ட கறுப்பினத்தவரின் லீக்கில் ஆடியவர். ரொபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முந்தி, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். அவர் ஆடிய காலத்தில் அமெரிக்காவின் பெரிய கார்ட் கம்பனி ஒன்றும் அவருக்குக் கார்ட் போடவில்லை. 2024 மே மாதத்தில்தான் நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்தது. சேர்த்த உடனே, வாழ்நாள் துடுப்பாட்ட சராசரியில் முதல் இடம் கிப்சனுக்கு வந்தது. .372. அதுவரை அவரை யார் வைத்திருந்தது? கூட ஆடினவர்கள், பார்த்தவர்கள், அவர்கள் சொல்லக் கேட்டவர்கள். யாங்கி ஸ்டேடியத்தை விட்டே வெளியே பந்தை அடித்தார் என்ற மாதிரியான, உண்மையோ கூட்டிச் சொன்னதோ தெரியாத கதைகள். அந்தக் கதைகள் இருந்தபடியால்தான் பிறகு ஆராய்ச்சி செய்தவர்கள் பழைய பத்திரிகைகளைத் தேடிப்போய்க் கணக்கெடுத்தார்கள்.

இல்லாத ஹாம் போர்ட்டருக்குக் கார்ட் இருக்கிறது, இருந்த கிப்சனுக்கு உரிய காலத்தில் கார்ட் இல்லை. இதை நான் ஹாமின் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவன் பாவம், பெடியன். அச்சடிக்கப்பட்டது எல்லாம் ஞாபகம் இல்லை, அச்சடிக்கப்படாதது எல்லாம் மறதியும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். எங்களுடைய இடத்தில் இருந்துகொண்டு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே என் கருத்து இதுதான். சினிமாக் கார்ட் சேகரிப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. சொல்லப்போனால் உண்மையான வீரனின் கார்ட்டை விட இது ஒருவகையில் நேர்மையானது. வீரனின் கார்ட்டை வாங்கி வைத்துவிட்டு, அவன் நாளைக்கு நல்லா ஆடினால் விலை ஏறும் என்று காத்திருக்கலாம். ஹாம் இனிமேல் ஒரு ஹோம் ரன்னும் அடிக்கப் போவதில்லை. 1962இல் எப்படியோ அப்படியே நிற்பான். அவனை வாங்குகிறவன் அந்தப் படத்தில் தனக்கு இருக்கிற விருப்பத்துக்காகத்தான் முதலில் வாங்குகிறான். பிழை எங்கே தொடங்குகிறது என்றால், அந்த விருப்பத்துக்குப் புள்ளி போட்டு, பூட்டி, யாருக்கும் காட்டாமல் வைக்கிற இடத்தில். கையெழுத்துப் பந்தைக் கண்ணாடிக்குள் வைக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற படத்தின் கார்ட்டை, கண்ணாடிக்குள் வைத்துவிட்டு விலை ஏறுதா எண்டு பார்த்துக்கொண்டிருந்தால், படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இதைச் சொல்ல மச்சானுக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்தேன். முதல் இரண்டு நிமிடம் இரண்டு பேருக்கும் என்ன கதைக்கிறது எண்டு தெரியேல்லை. பிறகு கேட்டேன், "ஏனடா ஹாம்? பெனியை அனுப்பியிருக்கலாமே?"

"நீ ட்ரம்ப் வெட்டேக்க வாயால செய்யிற ஆர்ப்பாட்டம் ஞாபகம் இருக்கே? அவனும் விக்கெட்டுக்குப் பின்னால நிண்டு அதேதான் செய்யிறான்."

பேஸ்போலில் விக்கெட் இல்லை என்று நான் திருத்தவில்லை. அன்றைக்கு ஒன்றரை மணித்தியாலம் கதைத்தோம். நான் குடுத்த ஐந்து கார்ட்டில் மூன்று இன்னும் அவனிடம் இருக்கிறதாம். மூலை மொட்டையாக, ஒரு பிஸ்கட் ரின்னுக்குள். அதுக்கு ஒருத்தரும் புள்ளி போட மாட்டார்கள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறோம். படத்தின் முடிவில் ஒரு காட்சி உண்டு. யார் யார் எங்கே போனார்கள் என்று சொல்லச் சொல்ல, மைதானத்தில் நிற்கிற பெடியள் ஒவ்வொருத்தராக மறைந்துபோவார்கள். அந்த இடத்தை எங்களில் ஒருத்தராலும் சும்மா பார்க்க ஏலாது. எங்கள் ஒழுங்கையில் டெனிஸ் பந்தில் கிரிக்கட் அடித்த பதினொரு பேரில் இப்போது ஊரில் இருக்கிறது நாலு பேர்.

பெட்டியை உடைத்தேனா என்று கேட்பீர்கள். ஸ்குரூ டிரைவரை எடுத்து வைத்தது உண்மை. உடைக்கவில்லை. அவன் பார்ட் டைம் வேலை செய்த காசில் வாங்கி அனுப்பினது, அதை உடைத்து என் கொள்கையை நிரூபிக்க மனம் வரவில்லை. ஆனால் அலுமாரிக்குள்ளும் வைக்கவில்லை. முன் விறாந்தை மேசையில் கிடக்கிறது. வீட்டுக்கு வாற எல்லாரும் எடுத்துப் பார்க்கிறார்கள். ரியூசனுக்கு வாற சின்னப் பெடியள் "ஆர் அண்ணா இந்தக் குண்டன்?" எண்டு கேட்பாங்கள். பந்து, நாய், மேர்ட்டில் என்று முழுக் கதையையும் சொல்ல வேண்டி வரும். பிளாஸ்டிக்கில் இப்போதே நாலைந்து கீறல்.

அம்மாவுக்கும் பதில் சொல்லிவிட்டேன். "திறக்கத் தேவையில்லை அம்மா, இதைப் பற்றிக் கதைச்சாக் காணும்." அம்மாவுக்கு அது முழுதாக விளங்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோல் வரும்போது இப்போது அவவும் பக்கத்தில் வந்து இருக்கிறா.

உங்களிடமும் எங்காவது ஒரு ரின் இருக்கும். எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கிற கார்ட்டோ ஸ்டிக்கரோ யாரோடு விளையாடிச் சேர்த்தது என்று யோசித்து, அந்த ஆளுக்கு ஒரு கோல் எடுங்கள். மேர்ட்டில் சொன்னதுபோல, கதவைத் தட்டினால் போதும்.